நீளக் குழாய், குட்டை பஃபர்

எங்கள் கடைக்கு வருகிற ஆண்கள் எல்லோரும் நன்றாகப் பேசுவார்கள். எந்தக் குண்டு காற்றில் எவ்வளவு ஒதுங்கும், போன வருஷம் எந்த மான் எந்தச் சரிவில் தப்பித்தது என்று கவுன்ட்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு மதியச் சாப்பாட்டையும் மறந்து பேசுவார்கள். ஆனால் ஒருவன் வீட்டில் சாவு விழுந்துவிட்டால் அத்தனை வாயும் அடைத்துக்கொள்ளும். "வருத்தமா இருக்குப்பா" என்று ஒரு வார்த்தை, தோளில் ஒரு தட்டு, அதற்கடுத்த பேச்சு பனி எப்போது விழும் என்பதாக இருக்கும். பென்சில்வேனியாவின் இந்த வடக்கு மூலையில் துப்பாக்கிக் கடைக் கல்லாவில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு இது பழகிவிட்டது. பழகிவிட்டதே தவிரப் பிடிக்கவில்லை.

கடை என் புருஷன் ஆரினுடையது. துப்பாக்கி பழுது பார்ப்பதில் இந்த மலைப் பக்கம் முழுக்க அவனுக்குப் பேர் உண்டு. அவனும் நானும் டெல்பர்ட்டும் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அவன் இவன் என்றுதான் எங்களுக்குள் பேச்சு. டெல்பர்ட் உலோகப் பொடி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. வீட்டில் அவனும் அவன் மகன் டானரும் மட்டும் இருந்தார்கள். அக்டோபர் கடைசியில், வருஷத்தின் முதல் பனியில், டானரின் பிக்கப் வண்டி மலைப் பாதையில் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் டெல்பர்ட் மட்டும்தான்.

அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில், ஓர் அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தான். பெட்டியில் டானர் பாதி சேர்த்து வைத்திருந்த ஒரு ரைஃபிள் இருந்தது. குழல் பூட்டியாகிவிட்டது, விசை பூட்டியாகிவிட்டது. பின்கட்டை மட்டும் தனியாகக் கிடந்தது.

"கிறிஸ்மஸுக்குக் குடுக்கலாம்னு துப்பாக்கிக் கண்காட்சியில இந்தப் பின்கட்டைய வாங்கி வெச்சேன்," என்றான் டெல்பர்ட். "பழைய ராணுவ மாதிரி, நீளமானது. பயலுக்கு என்னை மாதிரி நீளக் கை. குழாய் இருக்கு, உள்ள ஒண்ணுமில்ல, காலி. உள் சாமான் வேணும்டா ஆரின்."

ஆரின் குழாயை எடுத்து வெளிச்சத்தில் உள்ளே பார்த்தான். "நீளக் குழாய்."

"நீளக் குழாய்தான். அளந்து பாத்து ஒரு பட்டம் வாங்கிக்க."

"நீ சுடத்தான் லாயக்கு, உன்கிட்ட என்னத்தச் சொல்றது," என்றான் ஆரின். இருவரும் சிரித்தார்கள். பழைய சிரிப்பு, பாதியில் நின்றுவிட்டது.

இந்த வகை ரைஃபிளில் சுட்டவுடன், குண்டை ஏற்றுகிற போல்ட் என்கிற இரும்புக் கட்டை பின்னால் பாய்ந்து வரும். அதைத் தாங்கித் திரும்ப முன்னால் தள்ளுவதற்குப் பின்கட்டைக் குழாய்க்குள் ஒரு ஸ்பிரிங்கும், அதன் தலையில் பஃபர் என்று ஒரு கனத்த உருளையும் இருக்கும். குழாயில் நீளம், குட்டை என்று இரண்டு உண்டு. நீளத்துக்கு நீள பஃபர், நீள ஸ்பிரிங். குட்டைக்குக் குட்டை. நீளக் குழாயில் குட்டை பஃபரைப் போட்டால், போல்ட் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்ச் சட்டத்தின் பின்பக்கத்தில் மோதும். அங்கே சிக்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் சட்டம் விரிசல் விடும். கல்லாவில் உட்கார்ந்திருக்கிற எனக்கே இது தெரியும்.

"நீளம் கைவசம் இல்லடா. ஆர்டர் போடறேன்," என்றான் ஆரின். "அடுத்த வாரம் வந்துடும்."

அவன் நின்றிருந்த இடத்துக்குக் கீழே, இடது பக்க இழுப்பறையில், நீள பஃபர்கள் ஸ்பிரிங்கோடு பை பையாகக் கிடந்தன. நான்தான் விலைச்சீட்டு ஒட்டி அடுக்கி வைத்தவள். டெல்பர்ட் வாசலைத் தாண்டியதும் இழுப்பறையைத் திறந்து காட்டினேன்.

"இது என்ன? உனக்குக் கண் அவிஞ்சு போச்சா?"

"மூடு அதை."

"ஆரின்!"

அவன் கவுன்ட்டரைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னான். "அவன் போன வாரம் எல்லாத் துப்பாக்கியையும் நம்மகிட்டயே கொண்டாந்து வித்தானே. மான் துப்பாக்கி, வான்கோழித் துப்பாக்கி, அவங்கப்பா குடுத்த பழசு, எல்லாம். மீன்பிடி சாமானத்தைப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டான். நாயக்கூடக் குடுத்துட்டான் வெர்னா. இது ஒண்ணு மட்டும் போதும்கறான். ஒண்ணு மட்டும் எதுக்கு?"

இழுப்பறையை மூடினேன். "அப்படின்னா அவன்கிட்ட கேளு."

"என்னன்னு கேக்கறது?"

"உசுரை விடற நெனப்பு இருக்கான்னு கேளு. வேற என்னத்தக் கேப்ப?"

"அதையெல்லாம் ஒருத்தன்கிட்ட எப்படிக் கேப்பாங்க?" என்றான், நான் ஏதோ கூசுகிற பேச்சைப் பேசிவிட்டதைப் போல. "நான் பாத்துக்கறேன். துப்பாக்கியப் பூட்டி முடிக்காத வரைக்கும் ஒண்ணும் ஆகாது. விடு."

நான் கேட்கிறேன் என்றேன். அவன் உன்னிடம் வாயே திறக்க மாட்டான், காரியம் கெட்டுப் போகும் என்றான் ஆரின். நாற்பது வருஷ சிநேகிதம் அவர்களுடையது, நான் யார் நடுவில் என்று விட்டுவிட்டேன்.

குளிர்காலம் முழுக்க இந்தக் கூத்து நடந்தது. வாரம் தவறாமல் டெல்பர்ட் வருவான். மானுக்குப் போகிற சீசனின் முதல் நாளில் ஊரே வேட்டைக்காரர்கள் போடுகிற ஆரஞ்சுச் சட்டையில் காட்டுக்குள் இருந்தபோதுகூட வந்தான். கடையில் நாங்கள் மூன்று பேர்தான்.

"வந்துச்சா?"

"வரலடா. கம்பெனிக்காரன் சரக்கில்லைங்கறான்."

"ஏன்டா, நீ ஆர்டர் போட்டது நிலாவுலேர்ந்து வருதா?"

"பனி. லாரி வர மாட்டேங்குது."

"பால் லாரி வருது. பியர் லாரி வருது. உன் பஃபர் லாரிக்கு மட்டும்தான் பனி," என்பான் டெல்பர்ட். போக மாட்டான். அடுப்புப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, நான் ஊற்றிக் கொடுக்கிற காபியை ஆறவிட்டு ஆறவிட்டுக் குடிப்பான். ஆரின் மேசையில் ஏதாவது ஒரு துப்பாக்கியைப் பிரித்துப் போட்டுத் தலையைக் குனிந்துகொள்வான். காற்று, பனி, மான் என்று ஏதாவது பேசுவார்கள். டெல்பர்ட் சில சமயம் பேச்சை நிறுத்திவிட்டு ஆரினையே பார்த்துக்கொண்டிருப்பான். ஆரின் நிமிர மாட்டான். "சரி, வரேன். அடுத்த வாரம்," என்று சொல்லி எழுந்து போவான். மெலிந்துகொண்டே வந்தான். அவன் போட்டிருந்த கோட்டுக்குள் இன்னொருவன் நுழையலாம் போல இருந்தது.

மார்ச் பிறந்து, ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு வெள்ளிக்கிழமைகள் வந்தன. எங்கள் ஊரில் அந்த வெள்ளிகளில் தீயணைப்புக் கூடத்தில் மீன் வறுத்துப் போடுவார்கள். நோன்பு இருக்கிறவன் இல்லாதவன் எல்லோரும் அங்கேதான் சாப்பாடு. டெல்பர்ட்டும் டானரும் வருஷம் தவறியதில்லை. டானர் அப்பன் தட்டிலிருந்து மீனைத் திருடித் தின்பான், டெல்பர்ட் முள்கரண்டியால் அவன் கையைக் குத்துவான். இந்த வருஷம் அப்படி ஒரு வெள்ளிக்கிழமை டெல்பர்ட்டின் நாற்காலி காலியாக இருந்தது.

"டெல் எங்க?" என்று ஆரினைக் கேட்டேன்.

"வீட்டுல இருப்பான். துப்பாக்கியப் பூட்டிட்டிருப்பான்." மீனில் எலுமிச்சையைப் பிழிந்துகொண்டே சொன்னான். முகத்தில் ஒரு சின்னப் பெருமை.

முள்கரண்டியைக் கீழே வைத்தேன். "எதை வெச்சுப் பூட்டறான்?"

"புதன்கிழமை வந்து, இன்னும் வரலேன்னா வேற எடத்துல வாங்கிக்கறேன்னு நின்னான். எனக்கும் சொல்றதுக்குப் பொய் தீந்து போச்சு. நீ பேங்குக்குப் போயிருந்த. குடுத்துட்டேன்." குரலைத் தாழ்த்தினான். "குட்டை பஃபரு, குட்டை ஸ்பிரிங்கு. அவனுக்கு என்ன தெரியும், அவன் துப்பாக்கியை எல்லாம் நான்தானே இத்தனை வருஷமாத் தெறந்து மூடறேன். பூட்டுவான், அது ஓடாது. சிக்கிக்கும். நம்மகிட்டதான் தூக்கிட்டு வருவான். இன்னும் ஒரு மாசம் தள்ளலாம்."

"ஓடாதுன்னா?"

"ஒரு குண்டு போனதும் போல்ட் பின்னால போய் மாட்டிக்கும். ரெண்டாவது ஏறாது."

"முதல் குண்டு?"

ஆரின் என்னைப் பார்த்தான். ஊரிலேயே பெரிய துப்பாக்கி வைத்தியன். ரைஃபிள் ஓடுமா ஓடாதா என்பதே இவர்களுக்கு உலகம். மேகசின் என்கிற குண்டுப் பெட்டியில் இருக்கிற அத்தனை குண்டும் சிக்காமல் போனால் அது நல்ல துப்பாக்கி, சிக்கினால் செத்த துப்பாக்கி. செத்த துப்பாக்கியைத்தான் அவன் டெல்பர்ட் கையில் கொடுத்ததாக நினைத்திருக்கிறான்.

"ஆரின், முதல் குண்டு போகுமா, போகாதா?"

அவன் கையிலிருந்த எலுமிச்சைத் துண்டு தட்டில் விழுந்தது. நான் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். யாரோ என்ன ஆச்சு வெர்னா என்றார்கள். நான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினேன்.

வண்டியை நான்தான் ஓட்டினேன். ஆரின் பக்கத்தில் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் மீது எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. என் மீதும்தான். டெல்பர்ட்டின் தொலைபேசியை அடித்துப் பார் என்றேன். அடித்தான். எடுக்கவில்லை. மலையின் பின்னால் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. டெல்பர்ட் வீட்டுச் சமையலறையில் விளக்கு எரிந்தது.

நான் இறங்கினேன். ஆரின் இறங்கவில்லை. கதவைத் திறந்தான், ஒரு காலைச் சேற்றில் வைத்தான், அப்படியே நின்றுவிட்டான். அவனுக்காகக் காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. போய்க் கதவைத் தட்டினேன்.

"தெறந்துதான் இருக்கு, வா," என்று உள்ளேயிருந்து டெல்பர்ட்டின் குரல் வந்தது. கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்ற பிறகுதான் உள்ளே போனேன்.

சமையலறை மேசையில் ரைஃபிள் இருந்தது. முழுசாக. அதன் பக்கத்தில் துடைத்த துணி, எண்ணெய்க் குப்பி. டெல்பர்ட் எதிரே உட்கார்ந்திருந்தான். எங்கோ கிளம்பத் தயாரானவன் மாதிரி சவரம் செய்திருந்தான். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"மீன் நல்லாருந்துச்சா?" என்றான்.

"டெல், அது..."

"முடிச்சிட்டேன். இப்பத்தான் ஓடைப் பக்கம் கொண்டுபோய்ச் சுட்டுட்டு வந்தேன். மேகசின் முழுக்க ஓடுச்சு. ஒரு தடவகூடச் சிக்கல." என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. "ஏன் முழிக்கிற? ஓடக்கூடாதுல்ல?"

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"இந்த மேசையிலதான் டானர் சொல்லிக் குடுத்தான். 'நீளத்துக்கு நீளம், குட்டைக்குக் குட்டை. மாத்திப் போட்டேன்னா ஒடச்சுக்குவ பெருசு, மண்டையில ஏறுதா?'ன்னான். நான் டிவியப் பாத்துக்கிட்டுச் சும்மா தலையாட்டறேன்னு நெனச்சான். நான் கேட்டுட்டுதான் இருந்தேன், வெர்னா. அந்தப் பயல் பேசுன எல்லாத்தையும் கேட்டுட்டுதான் இருந்தேன்."

"அப்பறம் இது எப்படி..."

"காசு." குழாயின் மீது விரலால் தட்டினான். "அதையும் அவன்தான் சொன்னான். சரியான பஃபர் கெடைக்காதவனுங்க குழாய்க்குள்ள கால் டாலர் காசுகளைப் போட்டு ரொப்பிடுவானுங்களாம். குழாய் அந்த அளவுக்குக் குட்டையாயிடும். குட்டை பஃபர் அதுல ஒழுங்கா ஒக்காந்துக்கும். நொறுங்கின வண்டியை இழுத்துட்டுப் போனவன் உள்ள கெடந்ததையெல்லாம் ஒரு பையில போட்டுக் குடுத்தானே, அதுல இருந்துச்சு. காசு போட்டா வண்டி கழுவற எடம் இருக்குல்ல, அதுக்குன்னு பயல் சேத்து வெச்ச காசு. வண்டியக் கழுவினதே இல்ல கழுத, காசு மட்டும் சேத்து வெச்சிருந்தான்."

எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை.

"ஆரின் குடுத்த பஃபர் பையப் பிரிச்சதுமே குட்டைன்னு தெரிஞ்சுபோச்சு," என்றான். "ஆரின் ஒருத்தனுக்காவது தப்பான சாமான் குடுத்திருக்கானா? வேணும்னேதான் குடுத்திருக்கான்னு புரிஞ்சுது. ஏன்னும் புரிஞ்சுது."

"டெல், நேராக் கேக்கறேன். உனக்கு அந்த நெனப்பு இருக்கா?"

அவன் எண்ணெய்த் துணியை எடுத்து மடித்து வைத்தான்.

"இருக்கு," என்றான். "நவம்பர்லேர்ந்து இருக்கு."

இத்தனை சுலபமாக வந்துவிட்டது அந்த வார்த்தை. கேட்பதற்கு ஒரு குளிர்காலம் ஆகியிருக்கிறது.

"வாரா வாரம் ஒங்க கடைக்கு வந்தேனே, பஃபருக்கா வந்தேன்?" குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பேன். "தபால்ல ஆர்டர் போட்டா ரெண்டு நாள்ல வீட்டுக்கே வந்துடும். எனக்குத் தெரியாதா? அந்த ஸ்டூல்ல வந்து ஒக்காந்தேன். இன்னிக்குக் கேப்பான், இன்னிக்குக் கேப்பான்னு அவன் மூஞ்சியையே பாத்துட்டிருந்தேன். டேய் எப்படிடா இருக்கன்னு ஒரு வார்த்த. கேட்டிருந்தா எல்லாத்தையும் கொட்டியிருப்பேன். அன்னிக்கே எல்லாத்தையும் அவன் கையில குடுத்துட்டு அழுதிருப்பேன். அவன் அடுத்த வாரம் வந்துடும்னான். ஒவ்வொரு தடவையும் அடுத்த வாரம் வந்துடும்னான்."

"அவன் பயந்துட்டான், டெல். நானும்தான். எனக்கும் வாய் இருந்துச்சு. இப்ப சொல்லு, நான் கேக்கறேன். ராத்திரி பூரா ஒக்காந்து கேக்கறேன்."

"இப்ப என்னத்தச் சொல்றது? அப்ப நெறைய இருந்துச்சு. இப்ப ஒண்ணுமே இல்ல. காலியா இருக்கு."

ஜன்னல் வழியே பார்த்தான். வண்டியின் உள்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆரின் ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே, குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"எறங்க மாட்டானா?"

"முடியல அவனால."

"ம்," என்றான் டெல்பர்ட்.

"இதை என்கிட்ட குடு," என்றேன். "கடைப் பெட்டகத்துல இருக்கட்டும். உன்னோடதுதான். நீ நல்லாயிட்டதும் வந்து வாங்கிக்க."

தகராறு செய்வான் என்று நினைத்தேன். செய்யவில்லை. ரைஃபிளைத் தன் பக்கம் இழுத்து, பிணைப்பு ஊசியைத் தள்ளி இரண்டாகப் பிரித்தான். பஃபரையும் ஸ்பிரிங்கையும் உருவி மேசையில் வைத்தான். பின்கட்டையைத் தலைகீழாகக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினான். காசுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வழுக்கி விழுந்தன. சில உருண்டு மேசைக்கடியில் ஓடின. தரையில் மண்டியிட்டு ஒன்று விடாமல் பொறுக்கினான். நான் எடுத்துக் கொடுக்கப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினான்.

"இது மட்டும் என்கிட்ட இருக்கட்டும்," என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு பஃபரையும் ஸ்பிரிங்கையும் உள்ளே தள்ளிப் பூட்டி என்னிடம் நீட்டினான். மறுபடியும் நீளக் குழாயில் குட்டை பஃபர். தூக்கிக்கொண்டு நான் வண்டிக்குப் போனபோது உள்ளே ஏதோ லொடலொடவென்று ஆடியது. என்னிடமிருந்து அதை வாங்கிய ஆரினுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கும்.

அன்றே டெல்பர்ட்டின் தங்கையைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் ஒஹாயோவிலிருந்து விடிந்ததும் கிளம்பி வருகிறவரை நான் அந்தச் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தேன். வந்தவள் அங்கேயே தங்கிக்கொண்டாள். டாக்டரிடம் அழைத்துப் போனாள். போனான், வந்தான். கொடுத்த மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிறான், கொடுத்த சூப்பைக் குடிக்கிறான், சொன்ன நேரத்துக்குப் படுக்கிறான் என்றாள். பேசுகிறானா என்று கேட்டேன். "என்கிட்டதான் பேசல, உங்ககிட்டயாவது பேசறானான்னு நான் கேக்கலாம்னு இருந்தேன்," என்றாள். எங்கள் கடைக்கு அவன் அதன் பிறகு வரவே இல்லை. ஸ்டூலை எடுத்து உள்ளே போட்டுவிடலாமா என்று ஒரு நாள் ஆரினிடம் கேட்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் அதை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டேன்.

ரைஃபிளை ஆரின் முதல் வாரத்திலேயே சரி செய்துவிட்டான். இடது இழுப்பறையைத் திறந்து, நீள பஃபரையும் நீள ஸ்பிரிங்கையும் எடுத்து, எண்ணெய் பூசி, குழாய்க்குள் இறக்கினான். போல்டைப் பின்னால் இழுத்து விட்டான், இழுத்து விட்டான். கச்சிதமாக, சத்தமே இல்லாமல் போய் வந்தது. நவம்பரில் கண்மூடித் திறப்பதற்குள் முடித்திருக்கக்கூடிய வேலை. அதைப் பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் பட்டறை மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். நான் போய்த் தேற்றவில்லை. தேற்றத் தோன்றவில்லை.

ஆனால் அவன் கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டான். சாயங்காலம் கடையைச் சாத்தியதும் டெல்பர்ட்டைத் தொலைபேசியில் கூப்பிடுகிறான். முதல் நாளே "டேய், எப்படிடா இருக்க? அந்த நெனப்பு இன்னும் இருக்கா?" என்று நேராகவே கேட்டான். தப்பு என்னுடையதுடா என்றான், வரட்டுமாடா என்றான், அழுதான். அந்தப் பக்கம் டெல்பர்ட் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இன்னும் இருக்கேன்டா," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

அதன்பின் தினமும் அதே பதில்தான். ஆரின் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்கிறான், வாய் வலிக்கக் கேட்கிறான். டெல்பர்ட் இன்னும் இருக்கேன்டா என்று சொல்லி வைத்துவிடுகிறான். அந்த ஒரு பதில் கிடைத்தால்தான் எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு இறங்கும்.

நேற்று நெடுநேரம் மணி அடித்த பிறகுதான் எடுத்தான். ஆரின் ஸ்பீக்கரில் போட்டிருந்தான். சட்டைப் பையில் காசுகளை அளைகிற சத்தம் எனக்குக் கேட்டது. "எப்படிடா இருக்க?" என்றான் ஆரின். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் வந்தது. "டெல்? இருக்கியாடா?"

"இன்னும்," என்றான் டெல்பர்ட். மிச்ச வார்த்தையைச் சொல்லாமலே வைத்துவிட்டான்.